பழுது என்று நான் எழுதிய மிதிபலகை

சுதந்திரம் வந்து ஆறாவது வருஷம், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. பெங்களூர் கண்டோன்மெண்டில், சொந்த நாட்டுக்குக் கப்பலேறும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான்களை ஏலம் விடும் ஒரு மண்டபத்தில், நான் ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மணிகூட எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். நினைவில் இல்லை, டயரியில் இருக்கிறது. அன்று வெளியே தூறல், என் குடையில் ஒரு கம்பி உடைந்திருந்தது என்பதும் இருக்கிறது.

அப்போது நான் ஒரு பெரிய பண்டகசாலையில் சரக்குப் பரிசோதகன். வருகிற சாமான் ஒவ்வொன்றையும் அதன் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் உள்ளது சாமானில் இல்லையென்றால் பழுது. படத்தில் இல்லாதது சாமானில் இருந்தால் அதுவும் பழுது. அது ஏன் இருக்கிறது, யாருக்காக இருக்கிறது என்று கேட்பது எங்கள் வேலையில்லை. பழுதின் பெயரை எழுதிவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவோம். பதினெட்டு வருஷம் இப்படியே எழுதி எழுதி, வீட்டிலும் கடைத்தெருவிலும் எனக்கு அந்தக் கண்ணே நிலைத்துவிட்டது.

இயந்திரம் என் மகளுக்கு. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பாள். எங்கள் ஜோகுபாளையம் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக வந்தது. அந்தக் காலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஏதாவது கேட்டால் என் மனைவி காபி போடுவதாகச் சொல்லி எழுந்துவிடுவாள். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். இதை நாங்கள் அவளுக்குச் செய்கிற பெரிய மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அவள் பக்கத்துக் கான்வெண்டில் மரவேலை கற்றாள். வில் மாதிரி வளைந்த சின்னக் கை ரம்பம், அதில் நூல் கனத்துக்கு ஒரு பிளேடு. அதை வைத்துக்கொண்டு மெல்லிய பலகையில் எழுத்துகள் அறுப்பாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும். பால வகுப்புக் குழந்தைகள் அவற்றைத் தடவித் தடவிப் படிக்கும். கன்னடத்து வளைவுகள் தமிழைவிடச் சுலபம், தமிழ் 'இ'தான் உயிரை வாங்குகிறது என்பாள். மூன்று வகுப்புக்கு மூன்று பெட்டி எழுத்துகள் ஜனவரிக்குள் வேண்டும் என்று கான்வெண்டு மதர் அவளிடம் கேட்டபோது, அவள் ராத்திரி சாப்பாட்டில் இரண்டு முறை சாதம் கேட்டு வாங்கினாள். அதுவும் டயரியில் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் வலது மணிக்கட்டு வீங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, கையால் அறுப்பதை நிறுத்தாவிட்டால் விரல்கள் மரத்துப்போகும் என்றார். காலால் ஓட்டுகிற இயந்திரம் கிடைத்தால் கை பலகையைப் பிடித்துத் திருப்பினால் போதும், அதற்கு ஒன்றும் ஆகாது என்றும் அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் கூடத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவள் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"கையும் போயிடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட என்னம்மா இருக்கு?"

கால் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் மூன்று பேருக்கும் அது கேட்டது. நான் சாவியை இன்னும் நான்கு சுற்று அதிகமாகத் திருகிவிட்டேன்.

அந்த மாதிரி இயந்திரம் ஊரில் அன்று இரண்டே இரண்டு இருந்தது. தையல் மெஷின் போலக் காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். மேஜை நடுவில் ஒரு மெல்லிய ரம்பம் மேலும் கீழும் ஓடும். பலகையை எப்படித் திருப்பினாலும் அந்த வளைவில் அறுக்கும். புதியது ஒன்று மகாத்மா காந்தி ரோட்டில், அப்போதும் நாங்கள் சவுத் பரேட் என்றே சொல்லிக்கொண்டிருந்த சாலையில், ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. பழையது இந்த ஏல மண்டபத்தில். சாமான்களைப் பார்வையிடுவது சனிக்கிழமை, ஏலம் ஞாயிற்றுக்கிழமை.

கிளம்பும்போது மகள் கேட்டாள். "நானும் வரட்டுமாப்பா? உக்காந்து பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

"அங்க கூட்டமா இருக்கும்மா. படிக்கட்டு வேற. நான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வரேன், நீ படிச்சுப் பாத்துக்கோ" என்றேன்.

மண்டபத்துக்கு இரண்டே படி. அந்நியர்கள் நடுவில் அவள் நடப்பதை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்பதுதான் எனக்குக் கவலை.

நோட்டுப் புத்தகம், பென்சில், எட்டில் ஒரு அங்குலம் வரை காட்டும் மடிப்பு அளவுகோல் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். முக்கால் மணி நேரம் அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். சக்கரத்தின் குறுக்களவு, மேஜையின் உயரம், ரம்பத்துக்கும் பின் தூணுக்கும் உள்ள இடைவெளி, துரு பிடித்த இடங்கள். மண்டபத்தில் சாமான் தூக்கும் ஒரு பாய், தாடி நரைத்தவர், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னா ஸாப், எலும்பு டாக்டர் மாதிரி தட்டித் தட்டிப் பாக்குறீங்க? உயிர் இருக்குது ஸாப் அதுக்கு. பயப்படாதீங்க."

"இடது மிதி எங்கே?" என்று கேட்டேன். அந்த ஜாதி இயந்திரத்துக்குச் சைக்கிள் போல இரண்டு மிதிபலகை உண்டு, இடது, வலது என்று மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும் என்று கடைக்காரர்களின் விலைப் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். இதில் இடது பக்கம் தண்டு அறுக்கப்பட்டு மொட்டையாக இருந்தது. வலது மிதிபலகையில் தோல் வார் ஒன்றை ஆணி அடித்திருந்தார்கள். குதிகால் பக்கம் தகரத்தை வளைத்து ஒரு தடுப்பு. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் படத்தில் இல்லாத ஓர் இரும்புக் கட்டி முடுக்கப்பட்டிருந்தது.

"அது காணாமப் போகலை ஸாப். தொரையே அறுத்துப் போட்டுட்டாரு" என்றார் பாய். "சண்டையில அவருக்கு ஒரு கால் போயிடுச்சு. ஒத்தக் காலாலயே கப்பல், கோட்டைன்னு என்னென்னமோ அறுப்பாரு. நொண்டி தொரை மெஷின்னா இந்த ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும். பாருங்க!"

அவர் குனிந்து வாருக்குள் கையை நுழைத்து ஒருமுறை அழுத்தித் தூக்கினார். சக்கரம் சுற்றியது. இரும்புக் கட்டி மேலே போய்க் கீழே வந்தது. எங்கும் தயங்காமல், எங்கும் நிற்காமல் இயந்திரம் ஓடியது. "நிக்கவே நிக்காது" என்றார்.

நான் அதைப் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். ஆனால் என் காதில் அந்த 'நொண்டி' என்ற சொல் மட்டும் நின்றது. பதினாறு வருஷமாக எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாத சொல். இந்த இயந்திரத்தை வாங்கினால் அந்தச் சொல்லையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கூடத்து நடுவில் வைப்பது போலிருந்தது. என் மகளுக்கு முழு இயந்திரம் வாங்கிக்கொடுப்பேன், முடவருடைய இயந்திரத்தை அல்ல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து டயரியில் எழுதியது இதுதான். இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது. "இடது மிதி இல்லை. வலது மிதியில் தோல் வார், ஆணி ஆறு, மூல அமைப்பு அல்ல. குதிகால் பக்கம் தகரத் தடுப்பு, மூல அமைப்பு அல்ல. சக்கரத்தில் தேவையற்ற இரும்புக் கட்டி. முடிவு: ஏற்கத்தக்கதல்ல."

அடுத்த வாரம் சவுத் பரேட் கடைக்குப் போனேன். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் தன் பளபளப்பான ஷூவால் வலது மிதியை இரண்டு முறை அழுத்தினார். பலகை ஏதும் வைக்காத வெற்று இயந்திரம். சக்கரம் பம்பரமாகச் சுற்றியது.

"ஒரிஜினல் பீஸ் சார். ஒரு ஸ்க்ரூ மாறல. இனிமே இறக்குமதி லைசென்ஸ் கிடையாது, அடுத்தது எப்ப வரும்னு எங்க முதலாளிக்கே தெரியாது."

பிளேடு எத்தனை நாள் வரும், எந்த எண்ணெய் விட வேண்டும், துணி போட்டு மூடலாமா, எல்லாம் கேட்டேன். ஒரே காலால் ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் ஒற்றைக் காலால் சுற்றிக் காட்டினாரே, வீட்டுத் தையல் மெஷினையும் அவள் ஒரே காலால்தானே ஓட்டுகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஜட்காவில் இயந்திரம் வந்து இறங்கியது. என் மனைவி அதற்குக் குங்குமம் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "சீமை மெஷினா!" என்று மோவாயில் கை வைத்துவிட்டுப் போனார்கள். மகள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். 'அ' வரைந்த பலகையை மேஜையில் வைத்தாள். மிதித்தாள்.

வலது மிதி கீழே போனது. இடது மிதி மேலே வந்து அங்கேயே நின்றது. அதை அழுத்த அந்தக் காலுக்கு வலுவில்லை. வெற்று இயந்திரத்தில் சுற்றிய சக்கரம், பலகையைக் கடித்ததும் பாதியில் நின்று பின்னோக்கிச் சுழன்றது. பிளேடு 'டப்' என்று ஒடிந்தது. இன்னொரு பிளேடு மாட்டினாள். அதுவும் ஒடிந்தது. இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியின் மேல் வைத்துப் பார்த்தாள். வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தாள். மறுபடி விழுந்தது. என் மனைவி காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். எனக்கு மழையைப் பற்றிக்கூடப் பேச வரவில்லை.

இயந்திரத்தோடு வந்தது ஒரு டஜன் பிளேடு. விளக்கு வைப்பதற்குள் பதினொன்று ஒடிந்தன.

ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "அந்தப் பழைய மெஷினை ஏன்ப்பா வேண்டாம்னுட்டீங்க?"

நான் டயரியை எடுத்துப் படித்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த பதில். இரண்டாவது வரியிலேயே அவள் கை நின்றது.

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"வாரு கால்விரல் பக்கமாப்பா? தகரம் குதிகால் பக்கமா?"

"ஆமாம்மா."

அவள் வலது காலைத் தரையில் வைத்து, வார் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெல்ல அழுத்தினாள், தூக்கினாள், அழுத்தினாள். "அது பழுது இல்லப்பா. யாரோ ஒத்தக் கால்காரரு தனக்குன்னு பண்ணிக்கிட்டது. வாரு இருந்தா அதே காலால மிதிக்கலாம், தூக்கவும் தூக்கலாம். நின்னு போற எடத்துல அந்தக் கட்டி இழுத்துக்கும்." ஒரு நிமிஷத்தில், இயந்திரத்தைப் பார்க்காமலே, சொல்லிவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். பரவாயில்ல விடுங்க, உங்களுக்குத் தெரியாதில்ல" என்றாள்.

தெரியும் என்று நான் சொல்லவில்லை. டயரியை மூடினேன்.

பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஏல மண்டபத்துக்கு ஓடினேன். பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த ஞாயித்துக்கிழமையே போயிடுச்சு ஸாப். ஏலத்துல ஒருத்தரும் கேக்கல. பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துட்டுப் போனான்."

"ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை? நன்றாகத்தானே ஓடியது?"

"நீங்கதான் ஸாப்!" அவர் சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "முக்கா மணி நேரம் அளந்து அளந்து பாத்தீங்க. அப்புறம் மூஞ்சி சுளிச்சிக்கிட்டு எழுந்து போனீங்க. அங்க நின்னுட்டு இருந்தவங்க எல்லாம், பெரிய இஞ்சினியரு போலக்குது, அவரே வேணாம்னா உள்ள ஏதோ கோளாறு இருக்குதுன்னுட்டாங்க."

இரும்புக்காரரின் கிடங்கைத் தேடிப் பிடித்தேன். சக்கரத்தையும் தூணையும் சம்மட்டியால் உடைத்து உருக்குவதற்கு அனுப்பியாகிவிட்டது. சுவரில் ஓர் ஆணியில் அந்தத் தோல் வார் மட்டும் தொங்கியது. சாக்கு கட்ட ஆகும் என்று எடுத்து வைத்தாராம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா எடுத்துக்கங்க சார்" என்றார். உட்பக்கம் ஒரு பாதத்தின் வளைவுக்குத் தேய்ந்து மழமழவென்று இருந்தது. நீளம் பதினோரு அங்குலம்.

அந்த வாரை எடுத்துக்கொண்டு அல்சூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு மிஸ்திரியிடம் போனேன். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். புதிய இயந்திரத்தை அதேபோல் மாற்றித் தரச் சொன்னேன். வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பெரிசில்ல சார். அந்த இரும்புக் கட்டி எவ்ளோ எடை, சக்கரத்துல எந்த எடத்துல இருந்துச்சு? அதைச் சொல்லுங்க, பண்ணிடலாம்."

டயரியைப் பிரித்தேன். சக்கரத்தின் குறுக்களவு எட்டில் ஒரு அங்குலம் பிசகாமல் இருந்தது. மேஜை இருந்தது. தூண் இருந்தது. வாரில் எத்தனை ஆணி என்றுகூட இருந்தது. கட்டிக்கு எதிரே 'தேவையற்ற' என்ற ஒரு சொல்தான். எங்கள் ஆபீசில் பழுதை அளப்பதில்லை, பெயர் எழுதுவதோடு சரி.

"எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க, இத மட்டும் உட்டுட்டீங்களே சார்" என்றார் மிஸ்திரி. அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

கண் மதிப்பில் ஒரு கட்டி தயார் செய்து சக்கரத்தில் துளை போட்டார். கட்டி கனம் போதவில்லை. இன்னும் பெரியதற்கு இரண்டாவது துளை போடும்போது சக்கரம் நடுவில் விரிசல் விட்டது. "வார்ப்பு இரும்பு சார், கண்ணாடி ஜாதி" என்று கையைப் பிசைந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். வேறு சக்கரத்துக்குக் கடை மூலம் சீமைக்கு எழுதினேன். ஐந்து மாதம் கழித்து, அனுப்ப வழியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மகள் மறுபடி கை ரம்பத்தை எடுத்தாள். நானும் அவள் அம்மாவும் தடுத்துப் பார்த்தோம். "ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்" என்றாள். மணிக்கட்டில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு அறுத்தாள். ஜனவரியில் மூன்று பெட்டியில் இரண்டு கான்வெண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதில் பாதி எழுத்துகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. சித்திரை பிறப்பதற்குள் வலது கை விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. சாதத்தை உருட்டினால் எது விரல், எது சாதம் என்று தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாளாம். கான்வெண்டில் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். மதர் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே போக அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இப்போது அவளுக்கு முப்பது வயது. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். என் மனைவி அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். இயந்திரம் கூடத்து மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. விற்றுவிடலாம் என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "யாரையாவது ஏமாத்திக் கொடுக்கறதுக்கா? இருக்கட்டும்ப்பா" என்றாள். பன்னிரண்டாவது பிளேடு காகிதம் பிரிக்காமல் அதன் பெட்டியிலேயே இருக்கிறது. தோல் வார் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

என் டயரிகளில் ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. ஆனால் அந்த ஆடிச் சனிக்கிழமைப் பக்கத்தில் பாய் சொன்னது இல்லை. ஒற்றைக் கால் துரை இல்லை. அந்தச் சொல் இல்லை. அவர் கையால் அழுத்தித் தூக்கியபோது சக்கரம் நிற்காமல் ஓடியதை என் கண்ணால் பார்த்ததும் இல்லை. பதினொரு வருஷமாக என் மகள், அப்பாவுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அப்பா மெஷின் பத்தி என்ன கண்டாரு" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் நான் மழை வருமா என்று ஜன்னலைப் பார்க்கிறேன்.

வாரப் பத்திரிகை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவள் அவள்தான். மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பக்கம் புரட்டுவாள். 'வாசகர் அனுபவம்' பகுதியைத்தான் முதலில் படிப்பாள். நேரில் சொல்ல என் வாய் வரவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரியும்மா. அன்றைக்கே, அங்கேயே தெரியும். ஒரு சொல் உன் காதில் விழக்கூடாது என்று நான் பொத்திப் பொத்திக் காத்தேன். அந்தச் சொல்லுக்குப் பயந்தது நீ இல்லை, நான்தான் என்பது, உன் கையும் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.